மெய்ப்பு

எல்லையில் காரை நிறுத்துகிறவர்களுக்கு
இலவசமாகத் தரும் மடிப்புத் தாள்,
நாற்பதாயிரம் படி.
ஹூமா ஊரில் எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கிறோம்.
பிழை பார்ப்பவள் நான்.

லூசியானா. பதினெட்டாவது மாநிலம்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு, ஏப்ரல் முப்பது.
சரி.
தலைநகர் பேட்டன் ரூஜ். பொருள், சிவப்புக் கழி.
செங்கோல் என்று கௌரவமாகவும் சொல்லலாம்.
பழைய கதைப்படி அது
மீன்தலை செருகி இரத்தம் பூசிய எல்லைக் கம்பம்:
இந்தப் பக்கம் என் வேட்டை, அந்தப் பக்கம் உன் வேட்டை.
மீன்தலையைத் தாளில் சேர்க்கவில்லை.
சுற்றுலாத் துறை விரும்பாது.

மற்ற மாநிலங்கள் மாவட்டங்களாகப் பிரியும்.
எங்களுடையவை பங்குகள்,
கோயில் மணி எட்டும் தூரத்தை
ஊர் என்று எண்ணிய காலத்து மிச்சம்.
மொத்தம் அறுபத்து நான்கு.
பங்கு கேட்டு வந்தவர்களில் கடைசி ஆள்
உப்புக் காற்றோடு தெற்கே நிற்கிறான்.
அவனுக்கு எத்தனை என்று யாரும் எழுதித் தரவில்லை.

உயர்ந்த இடம் டிரிஸ்கில் மலை,
ஐந்நூற்று முப்பத்தைந்து அடி.
முதலாளி திபொடோ வருடா வருடம் கேட்பார்,
"மலை என்று போட்டே ஆகவேண்டுமா?"
போட்டே ஆகவேண்டும். வேறென்ன இருக்கிறது நம்மிடம்?

மாநிலப் பறவை கூழைக்கடா.
கொடியில் அது தன் மார்பைக் கிழித்துக்
குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது.
இரத்தம் மூன்று சொட்டு. சட்டத்திலேயே இருக்கிறது.
பூச்சி மருந்தில் இனமே அற்றுப்போய்
புளோரிடாவிலிருந்து கடன் வாங்கி வளர்த்தோம்.
கடற்கரையில் ஒன்றுகூட இல்லாத வருடங்களிலும்
கொடியில் மட்டும்
நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டிருந்தது.

பரப்பளவு ஐம்பத்திரண்டாயிரம் சதுர மைல் சொச்சம்,
நீரையும் சேர்த்து.
அந்த "நீரையும் சேர்த்து" இருக்கிறதே,
கணக்குத் தெரிந்தவன் எழுதியது.
நிலம் எவ்வளவு கரைந்தாலும்
கூட்டுத்தொகை அசையாது.

அப்போதுதான் அல்சீட் தார்தார் வந்தார்.
இறால் படகுக்காரர்.
தங்கையின் இறுதிச் சடங்குக்கு அட்டை வேண்டும், ஐம்பது.
படம் கொண்டுவந்திருந்தார்,
மஞ்சள் மழைக்கோட்டில் சிரிக்கிற பெண்.
அடியில் ஒரு வரி:
காலை ஏழு மணிக்குத் துறையில் படகு நிற்கும்.
எதற்கு என்று கேட்டேன்.
"இடுகாட்டுக்கு நடந்து போகும் வழி
போன புயலோடு முடிந்துவிட்டது."
பிழை ஏதுமில்லாத வரி. அப்படியே கோத்தேன்.

காத்திருந்த நேரத்தில் என் மேசை மீதிருந்த
ஈரம் காயாத வரைபடத்தைப் பார்த்தார்.
பூட்ஸ் மாதிரி இருக்கும் எங்கள் மாநிலம்.
நிஜத்தில் அடித்தோல் கிழிந்து பல காலம்.
தாளில் கடையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி.
எங்கள் பங்கின் பெயரைத் தேடினார். டெரபோன்.
நல்ல மண் என்று பொருள்.
"இந்தப் பச்சை யார் போட்டது?"
"மாநில அரசு."
"இந்தப் பச்சையில்தான்
போன வியாழக்கிழமை வலை வீசினேன்."

காட்டிய கட்டைவிரல்
வளைகுடா நீலத்தில் பட்டு வழுக்கி
பச்சைக்குள் ஓர் அங்குலம் ஏறி நின்றது.
"ஐயோ, கெடுத்துவிட்டேனே."
இல்லை.
மூன்று மெய்ப்புகளாக நான் தேடிய திருத்தம் அது.

அந்தத் தாளை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.
நாற்பதாயிரம் படியும்
பச்சையாகவே எல்லைக்குப் போயின.

எங்கள் கடைகளில் கொசுறுக்கு லன்யாப் என்று பெயர்.
டஜன் கேட்டால் பதின்மூன்று, அது இங்கே மரியாதை.
அட்டையிலும் மூன்று கூடுதலாக வைத்தேன்.
எண்ணிப் பார்த்து
மூன்றையும் மேசையில் திருப்பி வைத்தார்.
"படகில் அவ்வளவு பேருக்கு இடமில்லை, அம்மா."